பழைய லேப்டாப்ப எடைக்கு போடறதுக்கு முன்னாடி ஒரு பென் டிரைவ் சொருகி பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விண்டோஸ் 10-க்கு சப்போர்ட் நின்னு போனது பத்தி நம்ம பேப்பர்ல வந்த கட்டுரைய படிச்சேன். 2025 அக்டோபர் 14-ஓட இலவச அப்டேட் முடிஞ்சிடுச்சு, விண்டோஸ் 11 போடணும்னா டிபிஎம் 2.0-ங்கற பாதுகாப்பு வசதி மெஷின்ல வேணும், இன்டெல் மெஷின்னா பெரும்பாலும் எட்டாவது தலைமுறை பிராசசர்லேர்ந்து தான் ஏத்துக்கும், இதெல்லாம் சரியாத்தான் போட்டிருந்தீங்க. ஆனா கடைசி பத்தியில புது லேப்டாப் வாங்கறது தான் ஒரே வழின்னு முடிச்சிருந்தீங்க பாருங்க, அதுல எனக்கு துளி கூட சம்மதம் இல்ல. அதுக்குத்தான் இந்த லெட்டர். கொஞ்சம் நீளமா போகும், எடிட் பண்ணிக்கோங்க, பென் டிரைவ் பத்தின பகுதிய மட்டும் வெட்டிடாதீங்க.

நான் பெரம்பூர் பக்கம் சின்னதா ஒரு கம்ப்யூட்டர் சென்டர்ல சொல்லிக்குடுக்கறேன். டைப்பிங், எக்செல், டேலி கத்துக்க வர்ற பசங்க, அவங்க அம்மா அப்பா, அக்கம்பக்கம்னு எல்லாருக்கும் கம்ப்யூட்டர்ல ஒரு பிரச்சனைன்னா நேரா நம்மகிட்ட தான் வருவாங்க. இப்ப வர்றவங்க எல்லாம் கேக்கறது ஒரே கேள்வி, "அக்கா, என் லேப்டாப்ல விண்டோஸ் 11 வராதுன்னு காட்டுது, வித்துடட்டுமா?" ஆறாவது தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம், கீபோர்டு ஸ்கிரீன் எல்லாம் நல்லா இருக்கற மெஷின், அத எக்சேஞ்சுல கேட்டா சொல்ற விலைய கேட்டாலே வயிறு எரியும். அந்தப் பக்கம் புதுசு வாங்க இஎம்ஐ போடணும், வீட்டுல காலேஜ் ஃபீஸ் கட்டற நேரத்துல இது வேறயா.

அவங்க எல்லாருக்கும் நான் சொல்ற பதில் ஒண்ணு தான். விக்கறதும் வாங்கறதும் அப்புறம், மொதல்ல 32 ஜிபி பென் டிரைவ் ஒண்ணு எடுத்துட்டு வாங்க, அதுல லினக்ஸ் வகையில நாலஞ்சு ஓஎஸ் (விண்டோஸ் மாதிரியே கம்ப்யூட்டர ஓட்டற அடிப்படை சாஃப்ட்வேர், ஆனா இலவசம்) போட்டு தர்றேன், உங்க மெஷின்லயே ஒவ்வொண்ணா ஓட்டி பாருங்க, பிடிச்சா வச்சுக்கலாம், பிடிக்கலன்னா பென் டிரைவ உருவிட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க, உங்க விண்டோஸ் இருந்த மாதிரியே இருக்கும். தி.நகர்ல புடவைய தோள்ல போட்டு கண்ணாடில பாத்துட்டு தானே பில் போட சொல்றோம், இதுவும் அப்படித்தான். லினக்ஸ்னா ஏதோ இன்ஜினியருங்க சமாச்சாரம், இன்ஸ்டால் பண்ணா இருக்கறது எல்லாம் அழிஞ்சிடும்னு ஒரு பயம் ஜனங்ககிட்ட ஊறிப்போயிருக்கு. இன்ஸ்டாலே பண்ணாம ஓட்டி பாக்கலாம்ங்கறத அவங்களுக்கு யாருமே சொல்றதில்ல.

முன்னாடி இதுல ஒரு கஷ்டம் இருந்தது உண்மை தான். ரூஃபஸ், எச்சர் மாதிரி சாஃப்ட்வேர் வச்சு ஒரு ஐஎஸ்ஓ ஃபைல (ஒரு ஓஎஸ் முழுசும் அடங்குன ஒரே ஃபைல்) பென் டிரைவ்ல எழுதுனா பென் டிரைவ் மொத்தமும் அந்த ஒரு ஓஎஸ்க்கே போயிடும், அடுத்தது பாக்கணும்னா அழிச்சிட்டு மறுபடி எழுதணும், ரெண்டாவதுலயே சலிச்சு போயிடும். 2020-ல வென்டாய்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் வந்ததும் இந்தத் தலைவலி ஒழிஞ்சது. அத பென் டிரைவ்ல ஒரே ஒரு தடவ இன்ஸ்டால் பண்ணா போதும், அது பென் டிரைவ ரெண்டா பிரிச்சிடும், பெரிய பகுதி நமக்கு, விடிஓஒய்இஎஃப்ஐ-னு பேர் போட்ட 32 எம்பி குட்டி பகுதி அதோட சொந்த வேலைக்கு, அந்த குட்டிய மட்டும் நாம தொடக்கூடாது. பெரிய பகுதில ஐஎஸ்ஓ ஃபைல பாட்டு காப்பி பண்ற மாதிரி காப்பி பண்ணி போட வேண்டியது தான், எக்ஸ்ட்ராக்ட் கூட பண்ண வேண்டாம். அஞ்சு ஃபைல் போட்டா பூட் ஆகும்போது (அதாவது கம்ப்யூட்டர் ஆன் ஆகி ஓஎஸ் ஏறும்போது) மெனுல அஞ்சு பேர் வரும், ஒண்ணு வேண்டாம்னா அந்த ஃபைல டெலீட் பண்ணா மெனுலேர்ந்தும் போயிடும். மிச்ச இடத்துல உங்க டாகுமென்ட், போட்டோ எது வேணா வச்சுக்கலாம். அந்த பெரிய பகுதி எக்ஸ்ஃபேட் ஃபார்மேட்ல இருக்கறதால பழைய ஃபேட்32 ஃபார்மேட்ல வர்ற, ஒரு ஃபைல் 4 ஜிபிய தாண்டக்கூடாதுங்கற தடை இதுல கிடையாது, அதனால 6 ஜிபி கிட்ட வர்ற உபுண்டுங்கற லினக்ஸ் ஃபைலும் ஏறும், விண்டோஸ் ஐஎஸ்ஓவும் ஏறும்.

இன்ஸ்டால் பண்றப்ப ஒரு இடத்துல மட்டும் அவசரமே படக்கூடாது. வென்டாய் ஓபன் பண்ணதும் மேல டிவைஸ்னு ஒரு லிஸ்ட் காட்டும், அதுல சரியான பென் டிரைவ் தான் செலக்ட் ஆகியிருக்கான்னு ஜிபி கணக்க வச்சு பாருங்க, எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் மாட்டியிருந்தா மொதல்ல அத கழட்டி வைங்க. இன்ஸ்டால் அழுத்துனா அந்த டிரைவ்ல இருக்கறது எல்லாம் அழியும்னு அதுவே ரெண்டு வாட்டி கேக்கும், அந்த ரெண்டு வாட்டியும் படிச்சிட்டு எஸ் குடுங்க. பின்னாடி புது வெர்ஷன் வந்தா அப்டேட் பட்டன் இருக்கு, அது ஐஎஸ்ஓக்கள அழிக்காது.

இன்னொரு விஷயமும் சொல்லணும். வென்டாய் ஓப்பன் சோர்ஸ் தான், அதாவது அத எழுதுன சோர்ஸ் கோட யார் வேணா பாக்கலாம், ஆனா அதோட சோர்ஸ் கோடுக்குள்ள ரெடிமேடா கம்பைல் பண்ண சில பைனரி ஃபைல் (மெஷின் மட்டும் படிக்கற வடிவத்துல இருக்கறது) இருக்கு, அது எங்கேர்ந்து வந்துச்சுன்னு சரி பாக்க வழி வேணும்னு விவரம் தெரிஞ்சவங்க கேள்வி எழுப்பியிருக்காங்க, நியாயமான கேள்வி தான். சும்மா ஓட்டி பாக்கறதுக்கு நான் இத தயங்காம குடுக்கறேன், ஆனா ஆபீஸ் சர்வர் மாதிரி பெரிய இடத்துல இன்ஸ்டால் பண்ண தனியா ஒரு பென் டிரைவ்ல அந்த ஒரு ஐஎஸ்ஓவ மட்டும் எழுதிக்கறது நல்லதுன்னு என் பசங்ககிட்டயும் சொல்லியிருக்கேன்.

எங்க தெருவுல ஐசிஎஃப்ல வேலை பாத்து ரிட்டயர் ஆன ஒரு பெரியவர் இருக்கார். பேரன் அமெரிக்காவுலேர்ந்து அனுப்புன போட்டோ மொத்தமும் அவர் லேப்டாப்ல தான் இருக்கு, வேற காப்பி இல்ல. "ஏம்மா, இந்த குச்சிய சொருகினா என் போட்டோல்லாம் போயிடாதே?"ன்னு கேட்டார். "போகாது சார், நீங்க இன்ஸ்டால்ங்கற ஐகான தொடாத வரைக்கும் உங்க ஹார்ட் டிஸ்க்ல எதுவும் எழுதாது, ஆனாலும் காப்பி இல்லாம போட்டோ வச்சிருக்கறது தப்பு, மொதல்ல அத எடுத்துடலாம்"னு சொல்லி வேற ஒரு பென் டிரைவ்ல காப்பி எடுத்து அவர் கையில குடுத்துட்டு தான் ஆரம்பிச்சேன். ஆன் பண்ணி எஃப்12 தட்டுனதும் பூட் மெனு வந்துச்சு, யூஎஸ்பின்னு இருக்கறத எடுத்ததும் வென்டாய் மெனு, அதுல மின்ட், லுபுண்டு, ஆன்டிஎக்ஸ்னு லினக்ஸ் வகைங்க வரிசையா பேர். மின்ட் மேல என்டர் தட்டுனா இன்னொரு குட்டி மெனு வரும், அதுல நார்மல் மோடுன்னு மொதல்ல இருக்கறத எடுத்தா போதும். கொஞ்ச நேரம் பென் டிரைவ்ல லைட்டு மினுக் மினுக்னு எரிஞ்சிட்டே இருந்துச்சு, அப்புறம் டெஸ்க்டாப் வந்துடுச்சு. வீட்டு வைஃபை பாஸ்வேர்ட அவரே போட்டார், யூடியூப்ல கச்சேரி ஒண்ணு போட்டார், சத்தம் வந்துச்சு. அப்புறம் ஃபைல் மேனேஜர்ல அவரோட விண்டோஸ் டிரைவ ஓபன் பண்ணி காட்டுனேன், பேரன் போட்டோ எல்லாம் அங்கயே தான் இருந்துச்சு. மனுஷன் அதுக்கப்புறம் தான் சேர்ல நல்லா சாஞ்சு உக்காந்தார்.

அந்த எஃப்12 எல்லா கம்பெனிக்கும் ஒண்ணு கிடையாது. டெல், லெனோவோக்கு பெரும்பாலும் எஃப்12, எச்பிக்கு எஃப்9 இல்லன்னா மொதல்ல எஸ்கேப், ஆசுஸ் லேப்டாப்புக்கு எஸ்கேப், ஏசர்ல பல மாடல்ல பயாஸ்க்குள்ள (ஓஎஸ் ஏறறதுக்கு முன்னாடி வர்ற செட்டிங்ஸ் பக்கம்) போய் எஃப்12 பூட் மெனுவ எனேபிள் பண்ணா தான் வேலை செய்யும். நிறைய பேர் இந்த ஒரு கீ தெரியாமலே பென் டிரைவ் வேலை செய்யலன்னு தூக்கி போட்டுடறாங்க.

அடுத்தது செக்யூர் பூட், அதாவது அனுமதி இல்லாத சாஃப்ட்வேர் பூட் ஆகாம தடுக்கற பாதுகாப்பு. வென்டாய் பென் டிரைவ மொதல் தடவ ஒரு மெஷின்ல போடறப்ப செக்யூரிட்டி வயலேஷன்னு ஒரு மெசேஜ் வரலாம், பாத்து பயந்துடாதீங்க, வைரஸ் இல்ல அது. ஓகே குடுத்து, வர்ற நீல கலர் மெனுல என்ரோல் கீ ஃப்ரம் டிஸ்க் எடுத்து, விடிஓஒய்இஎஃப்ஐ பகுதிக்குள்ள என்ரோல் திஸ் கீ-ன்னு பேர் ஆரம்பிக்கற ஃபைல செலக்ட் பண்ணி, கன்டினியூ, எஸ், ரீபூட், அவ்ளோ தான், ஒரு மெஷினுக்கு ஒரு தடவ செஞ்சா போதும். இத விட்டுட்டு சிலர் பயாஸ்ல போய் செக்யூர் பூட்டயே ஆஃப் பண்ணிடறாங்க, அங்க தான் நிஜமான ஆபத்து இருக்கு, ஏன்னா பிட்லாக்கர் (டிஸ்க்ல இருக்கறத மத்தவங்க படிக்க முடியாம என்க்ரிப்ட் பண்ணி வைக்கற விண்டோஸ் வசதி) ஆன்ல இருக்கற மெஷின்ல அப்படி கை வச்சா அடுத்த தடவ விண்டோஸ் திறக்கும்போது 48 இலக்க ரிகவரி கீ கேட்கும், அது கையில இல்லன்னா உள்ள இருக்கற ஃபைல் எதையும் எடுக்க முடியாது. கொஞ்சம் புது லேப்டாப்புல நாம கேக்காமலே பிட்லாக்கர் என்க்ரிப்ஷன் ஆன் ஆகி, கீ நம்ம மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல போய் உக்காந்திருக்கும். அதனால பயாஸ் பக்கம் போறதுக்கு முன்னாடியே அந்த அக்கவுண்ட்ல லாகின் பண்ணி கீய ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்கோங்க. தயவு செஞ்சு இந்த வரிய பேப்பர்ல பெரிய எழுத்துல போடுங்க.

பென் டிரைவ் வாங்கறதுலயும் ஏமாத்து நிறைய நடக்குது. ரிச்சி ஸ்ட்ரீட்ல தெரிஞ்ச கடையில பில்லோட வாங்குனா பயம் இல்ல, பிளாட்பாரத்துலயும் ஆன்லைன்லயும் அடிமாட்டு விலைக்கு 1 டிபி, 2 டிபின்னு விக்கறாங்களே, அதுல உள்ள நிஜமா இருக்கறது பல சமயம் 8 ஜிபியோ 16 ஜிபியோ தான், கன்ட்ரோலர் சிப்ப மாத்தி எழுதி கம்ப்யூட்டர்ல மட்டும் பெருசா காட்ட வச்சிருப்பாங்க. காப்பி பண்றப்ப எர்ரரே வராது, எல்லாம் ஏறுன மாதிரி தான் இருக்கும், பூட் பண்றப்ப தான் பாதியில நின்னு போகும், அப்ப பழி லினக்ஸ் மேல விழும். விண்டோஸ்ல எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸ்ல எஃப்3-ன்னு இலவச டூல் இருக்கு, டிரைவ் முழுக்க எழுதி திருப்பி படிச்சு பாத்து உண்மைய சொல்லிடும். புது டிரைவ் வாங்குன அன்னைக்கே ஓட்டி பாத்துட்டா கடையில மாத்திக்கலாம். யூஎஸ்பி 3.0 டிரைவா பாத்து வாங்குங்க, ஓஎஸ்ஸயே அதுலேர்ந்து ஓட்டறதால வேக வித்தியாசம் நல்லாவே தெரியும்.

ஐஎஸ்ஓவ அந்தந்த ஓஎஸ்ஸோட சொந்த சைட்லேர்ந்து மட்டும் எடுங்க. எடுத்ததுக்கு அப்புறமும் ஷா256 செக்சம், அதாவது ஃபைலோட கைரேகை மாதிரி ஒண்ணு, அத பாக்கணும், விண்டோஸ்லயே செர்ட்யூட்டில்னு கமாண்ட் இருக்கு, அது குடுக்கற நீள நம்பர் சைட்ல போட்டிருக்கற நம்பரோட ஒத்து போகணும். டவுன்லோட் பாதியில அறுந்து போயிருந்தாலும் இதுல தெரிஞ்சிடும். 2016 பிப்ரவரில லினக்ஸ் மின்ட் சைட்டயே ஹேக் பண்ணி, டவுன்லோட் லிங்க்க மாத்தி, பேக்டோர் (வெளியாள் உள்ள நுழையற திருட்டு வழி) வச்ச ஐஎஸ்ஓவ குடுத்துட்டாங்க, அந்த டீம் மறைக்காம உடனே வெளில சொன்னதால தான் நிறைய பேர் தப்பிச்சாங்க. அதனால முடிஞ்சவங்க செக்சம் ஃபைலோட வர்ற ஜிபிஜி கையெழுத்தையும் (அந்த டீம் தான் குடுத்ததுன்னு காட்டற டிஜிட்டல் கையெழுத்து) சேத்து சரி பாக்கறது இன்னும் பத்திரம், ஏன்னா சைட்டே போனா அதுல இருக்கற நம்பரையும் மாத்திட முடியும்.

எதெத போடலாம்னு கேட்டா, 4 ஜிபி ராமுக்கு மேல இருந்தா லினக்ஸ் மின்ட், விண்டோஸ் பழகுன கைக்கு ஒரே நாள்ல படிஞ்சிடும், மின்ட் 22-க்கு 2029 வரைக்கும் அப்டேட் உண்டு. ராம் சரியா 4 ஜிபி தான்னா மின்ட்லயே எக்ஸ்எஃப்சிஇங்கற லேசான வகை, இல்லன்னா லுபுண்டு. 2 ஜிபி தான் இருக்குன்னா ஆன்டிஎக்ஸ், பப்பி. ரொம்ப பழைய 32 பிட் மெஷின்னா கவனமா தேடணும், டெபியன்ங்கற லினக்ஸ்ல 13-வது வெர்ஷன்லேர்ந்து 32 பிட் இன்ஸ்டாலரே நிறுத்திட்டாங்க, ஆன்டிஎக்ஸ் 23-ல 32 பிட் இருக்கு.

நம்ம பாஸ் லினக்ஸையும் மறக்கக் கூடாது. மத்திய அரசோட கம்ப்யூட்டர் ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக்ல, நம்ம ஊர்ல உருவாக்குனது, டெபியன் மேல கட்டுனது. 2011-ல தமிழக அரசு பசங்களுக்கு லேப்டாப் குடுக்க ஆரம்பிச்சப்ப விண்டோஸோட பாஸும் சேத்து தான் போட்டு குடுத்தாங்க, ஆனா அந்த பக்கம் எப்படி போறது, என்ன பண்றதுன்னு யாரும் உக்காந்து சொல்லிக்குடுக்காததால நிறைய வீட்டுல அது திறக்கப்படாமலே போச்சு. அந்த லேப்டாப்புங்க எத்தனையோ வீட்டு பரண்ல இப்பவும் கெடக்கு. அதுல ஆன்டிஎக்ஸ் போட்டு, ஹார்ட் டிஸ்க்குக்கு பதிலா வேகமான சின்ன எஸ்எஸ்டி ஒண்ணு மாத்துனா டைப்பிங் பழகற பசங்களுக்கு தாராளமா போதும், எங்க சென்டர்லயே ஓடிட்டு இருக்கு.

ஓட்டி பாக்கறப்ப அழகா இருக்கான்னு மட்டும் பாத்துட்டு விட்டுடாதீங்க. வைஃபை புடிக்குதா, சத்தம் வருதா, கேமரா வேலை செய்யுதா, டச்பேட், ஸ்கிரீன் வெளிச்சம் கூட்டற பட்டன், மூடிய மூடி தொறந்தா முழிச்சுக்குதா, வீட்டுல இருக்கற பிரிண்டர்ல ஒரு பக்கம் பிரிண்ட் வருதா, தமிழ்99 கீபோர்டு முறைல டைப் அடிக்க முடியுதா, இதெல்லாம் பாருங்க. சில வைஃபை சிப்பும் சில பழைய லேசர் பிரிண்டரும் லினக்ஸ்ல மல்லுக்கட்டும், மின்ட்ல வராதது உபுண்டுல வரும், ஒரே டிரைவ்ல பல ஓஎஸ் வச்சுக்கறதோட பெரிய லாபமே இது தான். பென் டிரைவ்லேர்ந்து ஓடறதால கொஞ்சம் மெதுவா தான் இருக்கும், இன்ஸ்டால் பண்ணா வேகம் வேற. அப்புறம் இப்படி ஓட்டறப்ப நீங்க டெஸ்க்டாப்ல சேவ் பண்ணது ஷட்டவுன் பண்ணா போயிடும், முக்கியமான எதையும் அங்க வைக்காதீங்க.

எல்லாருக்கும் லினக்ஸ் தான் தீர்வுன்னு நான் சொல்ல வரல. டேலி வச்சு கணக்கு எழுதறவங்க, பழைய தமிழ் ஃபான்ட்ல பேஜ்மேக்கர் ஃபைல் வச்சிருக்கற பிரஸ்காரங்க, ஃபோட்டோஷாப்பே சோறு போடற ஸ்டூடியோகாரங்க எல்லாம் விண்டோஸ விட முடியாது. அவங்களுக்கு மைக்ரோசாஃப்ட் தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரைக்கும் கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டம் ஒண்ணு வச்சிருக்கு, அதையும் உங்க கட்டுரைல சொல்லியிருக்கணும். ஆனா பிரவுசர், வாட்ஸ்அப் வெப், லெட்டர் டைப்பிங், பசங்க ஆன்லைன் கிளாஸ், யூடியூப், இவ்ளோ தான் வேலைங்கற வீடு இந்த ஊர்ல எத்தனை இருக்கு! அவங்கள போய் கடன் வாங்கி புதுசு வாங்குன்னு சொல்றது அநியாயம் சார். அதுவும் இல்லாம விண்டோஸ் 11-ன்னு சொல்லி கிராக் பண்ண காப்பிய ஏத்திவிட்டு காசு வாங்கிட்டு போற ஆளுங்க பெருகிட்டாங்க, அந்த கிராக்குக்குள்ள பாஸ்வேர்ட் திருடற மால்வேர் இருக்கலாம், அதுலயே ஜிபே, நெட் பேங்கிங் எல்லாம் பண்றாங்க, நெனச்சாலே பகீர்ங்குது.

இப்ப உங்ககிட்டயும் நூலகத்துறைகிட்டயும் ஒரு கோரிக்கை. இதுல பெரிய தடை டவுன்லோட் தான். வீட்டுல பிராட்பேண்ட் இல்லாம போன்ல ஒரு நாளைக்கு ஒண்ணரை ஜிபி, ரெண்டு ஜிபி பேக் வச்சு ஓட்டற குடும்பம் 6 ஜிபி ஃபைல எப்படி எடுக்கும்? லினக்ஸ காப்பி பண்ணி அடுத்தவங்களுக்கு குடுக்கறது திருட்டு கிடையாது, அதோட லைசென்ஸே தாராளமா குடுன்னு தான் சொல்லுது. அதனால கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், எழும்பூர் கன்னிமாரா, அண்ணா சாலை தேவநேயப் பாவாணர் நூலகம், அப்புறம் நம்ம ஏரியா கிளை நூலகங்கள்ல ஒரே ஒரு கம்ப்யூட்டர்ல செக்சம் பாத்த ஐஎஸ்ஓ ஒரு பத்து வச்சு, பென் டிரைவ் கொண்டு வர்றவங்க காப்பி பண்ணிட்டு போகட்டும்னு விட்டா போதும், இதுக்கு தனியா ஒரு ரூபா செலவு கிடையாது. ஐஐடி மெட்ராஸ்ல வருஷக்கணக்கா மீட்டிங் போட்ட சென்னை லினக்ஸ் யூசர்ஸ் குரூப் ஆளுங்க இருக்காங்க, 2012-லேர்ந்து இந்த மாதிரி சாஃப்ட்வேர் பத்தி தமிழ்லயே இலவசமா எழுதிட்டு வர்ற கணியம் இணைய இதழ் இருக்கு, கூப்பிட்டா இந்த மாதிரி வேலைக்கு கை குடுக்கறவங்க தான் அவங்க எல்லாம்.

நீங்க உங்க வார இணைப்புல நாலு வாரம் தொடர்ந்து அரைப்பக்கம் குடுங்க, படத்தோட, ஒவ்வொரு ஸ்கிரீனும் எப்படி இருக்கும்னு காட்டி, எங்க கை வைக்கக் கூடாதுன்னு சிவப்புல போட்டு. எழுத ஆள் இல்லன்னா நான் எழுதி தர்றேன், பணம் வேண்டாம். எங்க சென்டர்ல சனிக்கிழமை சாயங்காலம் யார் லேப்டாப் எடுத்துட்டு வந்தாலும் பென் டிரைவ் போட்டு பாத்து சொல்லிட்டு தான் இருக்கோம், அத இன்னும் நாலு ஏரியால யாராவது செஞ்சா நல்லாருக்கும்.

இப்படிக்கு,
பெரம்பூர் வாசகி ஒருத்தி,
சென்னை.